மில் களத்தில் ஒரு மோட்டார் படகு

யுத்தம் தொடங்குவதற்கு ஒரு வருஷம் முன்பு, திண்டிவனத்தில், எங்கள் பக்கம் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை உடைக்கும் மில் ஒன்றில் நான் இன்ஜின் டிரைவராக இருந்தேன். ஆடி மாதம் அது. புது மல்லாட்டை வரப் பல மாதம் இருந்ததால் மில் களம் காலியாகக் கிடந்தது. அந்தக் களத்தில் ஒரு நாள் லாரியிலிருந்து ஒரு மோட்டார் படகை இறக்கினார்கள். பாண்டிச்சேரியில் வியாபாரம் செய்துவந்த வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது அதை விற்றுவிட்டார். வாங்கியவர் எங்கள் சின்ன முதலாளி.

கடலோ ஆறோ இல்லாத ஊரில், செம்மண் களத்தின் நடுவில், இரண்டு பக்கமும் கட்டை முட்டுக்கொடுத்துப் படகை நிறுத்தினோம். வேலைக்கு வந்த பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். அவர்களில் ஒருத்தி, "மழைக்கு முன்னாலயே படவு வந்துடுச்சே, நம்ம ஊரு முழுகப்போவுதா?" என்று கேட்டாள். பெரிய முதலாளி வெளியே வந்து தம்பியிடம், "இத எங்க வுடப்போற?" என்றார். "மெட்ராசுக்கு" என்றார் இவர். பெரியவர் மேலே எதுவும் கேட்காமல் உள்ளே போய்விட்டார்.

சின்ன முதலாளிக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. மெட்ராசில் பி.ஏ. படிக்கப் போனவர், பரீட்சை தேறாமல் திரும்பி வந்திருந்தார். படிக்கும் நாளில் மயிலாப்பூரில் கால்வாயை ஒட்டிய ஒரு வீட்டின் மாடியறையில் இருந்தாராம். சவுக்கு விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் ஜன்னலுக்குக் கீழே போகும். ஒரு நாள் படகுக்காரனைக் கூப்பிட்டு, எந்த ஊரிலிருந்து வருகிறாய் என்று கேட்டிருக்கிறார். மரக்காணம் என்றானாம் அவன்.

"மரக்காணம் நம்ம தாலுக்காப்பா," என்று என்னிடம் சொன்னார். "நம்ம ஊருத் தண்ணி என் ரூமுக்குக் கீழ வந்து நிக்குது. நான் ரயில்ல போய்க்கினு வந்துக்கினு இருந்திருக்கேன். ஒரு தடவயாவது அந்தத் தண்ணி மேலயே போய் அந்த ஜன்னலுக்குக் கீழ எறங்கணும்."

அந்த ஆசைக்கு அதற்குமேல் காரணம் எதுவும் அவர் சொன்னதில்லை. எனக்கும் அது போதுமானதாக இருந்தது. நான் மெட்ராசைப் பார்த்ததில்லை. தவிர, படகில் இருந்த இன்ஜின் பெட்ரோலில் ஓடுவது. மில்லின் பெரிய ஆயில் இன்ஜினோடு காலம் கழித்த எனக்கு, மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருந்த அந்தச் சின்ன இன்ஜின் மேல் முதல் நாளே பிரியம் வந்துவிட்டது.

நான் சேரியில் பிறந்தவன். மிஷன் தொழிற்பள்ளியில் இன்ஜின் வேலை கற்று இந்த மில்லுக்கு வந்தேன். சின்ன முதலாளி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என்னோடு எண்ணெயில் கை வைப்பார். ஸ்பேனரை நான் நீட்டினால் வாங்கிக்கொள்வார். ஒரே துணியில் இருவரும் கை துடைப்போம். நாலு மணிக்கு டீக்கடைக்காரர் வருவார். சின்ன முதலாளிக்குக் கண்ணாடி கிளாசில் டீ வரும். எனக்கு, ஷெட்டுக்கு வெளியே மாடத்தில் இருக்கும் என் எனாமல் குவளையில் உயரத் தூக்கி ஊற்றுவார். தினமும் நடப்பதுதான். அது எங்கள் இருவர் கண்ணிலும் பட்டதே இல்லை என்பதுபோல் டீயைக் குடித்துவிட்டு மறுபடி வேலையில் உட்காருவோம்.

இன்ஜினைப் பிரித்துப் பூட்ட ஆவணி முழுவதும் ஆயிற்று. அதற்குப் பிறகுதான் பயணத்தைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. ஷெட்டின் சிமெண்டுத் தரையில் அவர் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு இழுத்தார். வாசற்படி மரக்காணம். பெரிய இன்ஜினின் மேடை மெட்ராஸ். நடுவில் கோடு கால்வாய். பாலாறு குறுக்கே வரும் இடத்தில் அகலமாக ஒரு பட்டை போட்டார். சாயங்காலம் மில் நின்றதும் அந்தக் கோட்டுக்கு இரு பக்கமும் குந்திக்கொள்வோம். லாக்கு என்று சொல்லும் கதவுகளுக்குள் படகை விட்டுத் தண்ணீரை ஏற்றி இறக்குவதை எனக்கு அவர் விளக்கினார். இன்ஜினைக் குளிரவைக்கும் தண்ணீர் அடியிலுள்ள குழாய் வழியாகத்தான் வரவேண்டும், பாசி அடைத்தால் இன்ஜின் சூடேறி நின்றுவிடும் என்று நான் சொன்னேன். குழாய் வாய்க்கு ஒரு சல்லடை செய்வது என்று முடிவாயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலில் ஆராதனை முடிந்ததும் அவரோடு பஸ் ஏறி மரக்காணம் போனேன். கால்வாய்க் கரையில் நடந்தோம். உப்பு மூட்டை ஏற்றிய படகொன்று வந்தது. கரையில் ஒருவர் தோளில் கயிற்றைப் போட்டு இழுத்துக்கொண்டு வந்தார். அவரை நிறுத்தி, மோட்டார் படகு வந்தால் எப்படி என்று சின்ன முதலாளி கேட்டார்.

"வாங்க, யாரு வேணாம்னாங்க," என்றார் அவர். "ஆனா எங்களத் தூரத்துல பாத்ததும் மோட்டார நிறுத்திடணும். கயித்துக்கு மேல நீங்க வுட்டீங்கன்னா நான் கயித்தோட தண்ணிக்குள்ள வுழுவேன். அப்பால நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், பேஜாரு."

எதிரே படகு வந்தால் நிறுத்துவது, கயிறு நம் தலைக்கு மேலே தாண்டும்வரை குனிந்து உட்காருவது, அப்புறம் கிளப்புவது. திரும்பி வரும்போது பஸ்ஸில் இதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தோம். நிறுத்திக் கிளப்பினால் பெட்ரோல் அதிகம் செலவாகும். எத்தனை டின் வேண்டும் என்பதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன்.

தங்குவதற்கு இடம் பார்ப்பது அவருக்கு லகுவாக இருந்தது. "மொத நாளு கடப்பாக்கத்துல எங்க சித்தப்பா வீடு. அப்பால சதுரங்கப்பட்டினத்துல அண்ணிக்குச் சொந்தம். கோவளத்துல எங்க மாமன் ஒருத்தர் தோப்பு வெச்சிருக்கார்," என்று ஒவ்வொரு ஊர் இருக்கும் இடத்திலும் சுண்ணாம்புக் கோட்டின் மேல் ஒரு மல்லாட்டையை வைத்துக்கொண்டே போனார். நான் அந்த மல்லாட்டைகளைப் பார்த்தபடி, பெட்ரோல் டின்களை எங்கே அடுக்குவது என்று கேட்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவிக்கு இதையெல்லாம் சொன்னேன். அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அவளுடைய அத்தை வீடு மரக்காணத்துக்கு வடக்கே, கால்வாயை ஒட்டிய ஒரு சேரியில் இருந்தது. நான் தரையில் விரலால் கால்வாயை இழுத்துக் காட்ட, கேட்டுக்கொண்டே இருந்தவள், "தண்ணி எங்க குடிப்பீங்க?" என்றாள்.

"கால்வாய்த் தண்ணி உப்பு. கிணத்துல எடுத்துக்கணும்."

"எந்தக் கிணத்துல?"

நான் விரலால் இழுத்த கோட்டை மறுபடி பார்த்தேன்.

"எங்க அத்தை வூட்டுக்குப் போனப்ப பாத்திருக்கேன். மாசி பொறந்தா எங்க ஜனத்துக் கிணறு உப்பாயிடும். மணல்ல ஊத்துத் தோண்டிக்கினு, ஊறட்டும்னு கொடத்தோட குந்திக்கினு இருப்பாங்க. ஊர்க் கிணத்துப் பக்கம் போவ முடியாது." குழம்புச் சட்டியை மூடிவைத்துவிட்டு மறுபடி சொன்னாள். "அவருக்கு ஊருக்கு ஊரு வூடு இருக்குது. உங்களுக்குப் படவுதான் இருக்குது. அதுலயே சோறு, அதுலயே தண்ணி, அதுலயே படுக்கைன்னு நெனச்சிக்கினு திட்டம் போடுங்க."

அவள் குரலில் கோபமில்லை. பிள்ளைகளுக்குக் கணக்கில் விட்டுப்போன ஒரு படியை எடுத்துக் காட்டுவதுபோல்தான் சொன்னாள். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. சல்லடையிலிருந்து டின் வரை யோசித்தவனுக்கு என் தாகம் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் சாயங்காலம், "தண்ணிக்கு இன்னாங்க பண்றது?" என்று சின்ன முதலாளியிடம் கேட்டேன்.

"ஊருக்கு ஊரு கிணறு இருக்குதே," என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கோட்டின் மேலிருந்த மல்லாட்டை ஒன்றை எடுத்து உடைத்தார். பருப்பைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். "பீப்பாயில எடுத்துக்கினு போயிடலாம்," என்றார் கடைசியில்.

அந்த வாரமே தண்ணீர் பிடிக்கும் மரப் பீப்பாய்கள் வந்தன. இரண்டு. ஒரே அளவு, இரண்டுக்கும் அடியில் குழாய். எது யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

கார்த்திகை மழையில் ஏரி நிறைந்தது. லாரியில் படகை ஏற்றிக்கொண்டுபோய் ஏரியில் இறக்கினோம். பயணத்துக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்றிப் பார்ப்பதாக ஏற்பாடு. பெட்ரோல் டின்கள், ஸ்பேனர் பெட்டி, அரிசி மூட்டை, அடுப்பு, நங்கூரம், தண்ணீர் நிரப்பிய இரண்டு பீப்பாய்கள். எல்லாம் ஏற்றினாலும் படகு நன்றாக நிற்கும் என்று நான் உறுதியாகச் சொல்லியிருந்தேன். இன்ஜின் கனம் தெரிந்த எனக்குப் படகின் கனம் தெரியவில்லை. நாங்கள் இருவரும் ஏறியதும் தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. அவர் இந்தப் பக்கம் திரும்பினால் இரண்டு விரல் ஆயிற்று.

"ஏதாச்சும் எறக்குப்பா," என்றார்.

முதலில் இரண்டு பெட்ரோல் டின்களை இறக்கினோம். அவை இல்லாமல் பாலாற்றைத் தாண்ட முடியாது என்று திரும்ப ஏற்றினோம். அரிசியில் பாதியைக் குறைத்தோம். அடுப்பை இறக்கினோம். விளிம்பு இன்னும் தாழவே இருந்தது. கடைசியில் அவர் ஒரு பீப்பாயின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டும் வேணுமா?"

"அத நீங்கதான் சொல்லணுங்க," என்றேன்.

ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் நின்றிருந்தது. அவர் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து, "ஒண்ணு போதும்," என்றார். பீப்பாயை இறக்கியதும் படகு சுகமாக மேலே வந்தது.

ஒரு பீப்பாய் என்றான பிறகு அதை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. இன்ஜின் பின்பக்கம் இருந்ததால் பீப்பாய் முன்பக்கம் இருந்தால்தான் படகு சமமாக நிற்கும். முன்னால் அவர், பின்னால் நான். ஓடும்போது இன்ஜினை விட்டு நான் எழுந்திருக்கக் கூடாது. ஏரியில் மூன்றாவது சுற்று வரும்போது எனக்குத் தாகமெடுத்தது. தண்ணீர் வேண்டும் என்று குவளையை நீட்டினேன். டீக்கடைக்காரர்போல் உயரத் தூக்கி ஊற்ற வழியில்லை. குழாய் பீப்பாயின் அடியில், அவர் காலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். பிறகு என் கையிலிருந்து குவளையை வாங்கிக் குழாயடியில் பிடித்து நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்.

"அப்ப மெட்ராசு வரைக்கும் இது நம்ம வேலையா," என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்ஜின் சத்தத்தில் அது சிரிப்பா, சலிப்பா என்பதும் தெரியவில்லை.

தை மாதமே கிளம்பியிருக்க வேண்டும். அப்போதுதான் கால்வாயில் தண்ணீர் நிறைய இருக்கும். ஆனால் அந்த வருஷம் மல்லாட்டை வரத்து அதிகம். பெரிய முதலாளி எங்கள் இருவரையும் விடவில்லை. மாசி பாதிக்கு மேல்தான் லாரியில் படகை ஏற்றிக்கொண்டு மரக்காணம் போனோம். அங்கே இறக்கும்போதுதான், திட்டத்தில் இல்லாத ஒரு சாக்கு மூட்டையைப் பார்த்தேன். உள்ளே இளநீர்.

"ஒடம்பு சூடுப்பா எனக்கு. வெயில்ல தாங்காது," என்றார் சின்ன முதலாளி.

முந்தின நாளே தெரிந்திருந்தால் என் மனைவியிடம் சொல்லியிருப்பேன். இளநீர் தண்ணீரைவிடக் கனமாயிற்றே என்று அவள் சிரித்திருப்பாள். மூட்டைக்கு இடம் செய்ய ஒரு பெட்ரோல் டின்னை இறக்கி லாரிக்காரரிடம் கொடுத்தேன். சதுரங்கப்பட்டினத்தில் பெட்ரோல் கிடைக்கும் என்று இருவரும் சொல்லிக்கொண்டோம்.

விடிந்ததும் கிளம்பினோம். கழுவெளிச் சதுப்பிலிருந்து எழும்பிய பறவைகள் தலைக்கு மேலே போயின. இரண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல் சத்தம். எதிரே படகு வரும்போதெல்லாம் இன்ஜினை நிறுத்தி, கயிற்றுக்குக் குனிந்து உட்கார்ந்தோம். குனிந்த தலையோடு அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. இளநீரைச் சீவி அவர் குடித்தார். எனக்கும் சீவிக் கொடுத்தார். சாயங்காலம் கடப்பாக்கத்தில் அவர் சித்தப்பா வீட்டுக்குப் போனார். நான் படகில் இருந்தேன். இலையில் சோறும் மீன் குழம்பும் ஆள் வசம் வந்தன. சாப்பிட்டுவிட்டுப் படகிலேயே படுத்தேன்.

மறுநாள் வெயில் கடுமையாக இருந்தது. சல்லடையை இரண்டு தடவை கழற்றிப் பாசியெடுக்க வேண்டியிருந்தது. உச்சிவேளைக்கு முன்பே இளநீர் தீர்ந்துபோயிற்று. அவர் சாக்கை உதறிப் பார்த்தார். வெறும் ஓடுகள் காலடியில் உருண்டன. கொஞ்ச நேரம் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன் பித்தளை டம்ளரை எடுத்துப் பீப்பாய்க் குழாயில் பிடித்தார். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு சற்று உட்கார்ந்திருந்து, பிறகு ஒரே மூச்சில் குடித்தார். மறுபடி பிடித்துக் குடித்தார். மூன்றாவது தடவை பிடித்ததும் என் பக்கம் கையை நீட்டி, "ஒங்கொவளையக் குடு," என்றார்.

 

பாலாற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே படகுகள் வரிசையாக நின்றிருந்தன. கால்வாய் ஆற்றைத் தாண்டும் இடத்தில் மணல் மேடிட்டு வழி தூர்ந்துவிட்டது. கடலிலிருந்து பெரிய வெள்ளம் ஏறினால்தான் தாண்டலாம், அதற்கு அமாவாசை வரவேண்டும் என்றார்கள். மோட்டார் படகைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு மிராசுதார் வந்தார். சின்ன முதலாளியின் குடும்பத்தை அவருக்குத் தெரியும். இன்ஜினைப் பற்றியும் லாக்குகளைப் பற்றியும் விசாரித்தவர், பீப்பாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தண்ணிக்கு இன்னா பண்றீங்க?"

"இளநி கொண்டாந்தேங்க," என்றார் சின்ன முதலாளி. "பீப்பா இவனுக்கு."

அன்று காலையில் கையை நீட்டிக் குவளையை வாங்கியவரும் இவர்தானே என்று நினைத்தேன். பின்னாளில் பல தடவை அதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் குடித்தது பொய்யில்லை. சொன்னது பொய். யாரும் பார்க்காத இடத்தில் செய்ய முடிந்ததை, தெரிந்தவர் முன்னால் வாயால் சொல்ல அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மிராசுதார் போன பிறகு அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. வெகு நேரம் கழித்து, "திரும்பிடலாமா?" என்று மட்டும் கேட்டார். அமாவாசை வரை மில் நம்மை விட்டுவைக்காது என்பது எனக்கும் தெரிந்ததால், சரியென்றேன்.

திரும்பும் வழியில், பரமன்கேணிக்குக் கொஞ்சம் முன்னால் பெட்ரோல் தீர்ந்தது. இறக்கிவிட்ட அந்த டின் இருந்தால் மரக்காணம் போயிருக்கலாம். அதை நான் சொல்லவில்லை. நங்கூரக் கயிற்றை அவிழ்த்துப் படகின் முன்பக்கம் கட்டினேன். கரையில் இறங்கித் தோளில் போட்டுக்கொண்டு இழுக்க ஆரம்பித்தேன். அவர் கழியால் படகைக் கரையில் மோதாமல் தள்ளிக்கொண்டு வந்தார். சிறிது தூரம் போனதும், "நீ ஏறு. நான் இழுக்கறேன்," என்று இறங்கிவிட்டார்.

"வேணாங்க. தோள் புண்ணாயிடும்."

"ஏறுன்னா ஏறுப்பா."

மாற்றி மாற்றி இழுத்தோம். அவருக்கு முதலில் நடை சரிப்படவில்லை. உடம்பை முன்னால் சாய்த்து நடக்கவேண்டும் என்று எதிரே வந்த உப்புப் படகுக்காரர் ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் சரியாயிற்று. கரையோரக் களத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பட்டணத்துச் சட்டை போட்ட ஒருவர் கயிறு இழுக்க, எண்ணெய்க் கறைபிடித்த வேட்டியோடு ஒருவன் படகில் உட்கார்ந்து போவதை அவர்கள் அதுவரை பார்த்திருக்க மாட்டார்கள்.

"யாரு படவுங்க அது?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்களுது," என்றார் சின்ன முதலாளி, மூச்சு வாங்கிக்கொண்டே. அந்த வார்த்தையில் நானும் சேர்த்தியா, இல்லை அவர் வீட்டை மட்டும் சொன்னாரா என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன். மிராசுதாரிடம் அவர் சொன்ன பதிலைக் கேட்டதும் அவள் ஒரு செம்பு தண்ணீர் மொண்டு என் முன்னால் வைத்தாள். கயிறு இழுத்ததைக் கேட்டதும், "நெசமாவா? அவரா?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு, "அடுத்த தடவ நானும் வர்றேன். எங்க அத்தை வூட்டுல எறங்கி ஒரு நாள் இருந்துட்டுப் போவலாம். அவரையும் கூட்டியாங்க. வர்றாரா பாப்போம்," என்றாள்.

மறுவருஷம் ஆடியில் சின்ன முதலாளி ஷெட்டுத் தரையில் புதுக் கோடு இழுத்தார். மில் வேலை எப்படிப் போனாலும் இந்தத் தடவை தையிலேயே கிளம்புவது என்று பேசினோம். என் மனைவி வர விரும்புவதைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டியை உருட்டியபடி, "மூணு பேருன்னா டின்ன எங்க வெக்கறது?" என்று யோசிக்க ஆரம்பித்தார். அவளுடைய அத்தை இருக்கும் சேரி எந்த இடம் என்று கேட்டார். கோட்டில் அந்த இடத்தைக் காட்டினேன். அவர் அங்கே ஒரு மல்லாட்டையை வைத்தார்.

தை வருவதற்குள் யுத்தம் வந்துவிட்டது; பயணம் தள்ளிப்போயிற்று. பிறகு பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. பஸ்களே கரிவாயுவில் ஓடும்போது உல்லாசப் படகுக்கு யார் பெட்ரோல் கொடுப்பார்கள். இன்ஜினைக் கழற்றி, முகையூர் பக்கம் இருந்த அவர்கள் நிலத்தில் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெயில் ஓடும்படி மாற்றிக் கொடுத்தேன். பூட்டி ஓட்டிக் காட்டிய அன்று அவரும் வந்திருந்தார். இருவரும் வரப்பில் நின்று, தண்ணீர் கேப்பை வயலுக்குள் பாய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியேறினோம்.